வாசகர் கேள்வி-பதில்: கட்டுமானத் தளத்தில் தொழிற்சங்கம்

கேள்வி: சங்கம் வந்த பிறகு கூலி ஏறியது, வேலை ஏறவில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். சங்கத்தால் உற்பத்தித்திறன் குறையுமா?

பதில்: கூலி வேறு கணக்கு, உற்பத்தித்திறன் வேறு கணக்கு. ஒரு சதுர மீட்டர் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான அச்சு) அடிக்க எத்தனை ஆள்-மணி, அதாவது ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்கும் வேலை, ஆனது என்று பாருங்கள். 5 பேர் 8 மணி நேரத்தில் 40 சதுர மீட்டர் முடித்தால், சதுர மீட்டருக்கு 1 ஆள்-மணி. கூலி இரட்டிப்பானாலும் இந்த எண் அப்படியேதான் இருக்கும்.

இந்த எண்ணைச் சங்கம் குறைக்கும் முக்கிய வழி பயிற்சி. கட்டுமானத்தில் ஒரு கட்டடம் முடிந்ததும் ஆள் வேறு ஒப்பந்ததாரரிடம் போய்விடுவார். அதனால் யாரும் தன் கைப்பணத்தைப் போட்டுக் கம்பி கட்டவோ வெல்டிங் செய்யவோ சொல்லித்தர மாட்டார்கள். பல நாடுகளில் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து, வேலை செய்த ஒவ்வொரு ஆள்-மணிக்கும் ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் போட்டு, 3 முதல் 5 ஆண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி நடத்துகிறார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கு மேஸ்திரி பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. இடித்துக் கட்டும் வேலையும் குறையும்.

1984-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டீவன் ஆலன், கட்டுமானத்தில் சங்கத் தொழிலாளர்களின் உற்பத்தித்திறன் கூடுதல் என்று கண்டார். அவரே பின்னர் ஆராய்ந்தபோது அரசுத் திட்டங்களில் அந்தச் சாதகம் தென்படவில்லை. ஆகவே சங்கம் இருந்தாலே வேகம் வரும் என்பதும் தவறு. நிர்வாகம் செலவைக் கண்காணிக்கிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

கேள்வி: "அது எங்கள் வேலை இல்லை" என்று மின்பணியாளர்களும் தச்சர்களும் மாறி மாறி நிற்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இது உண்மையான இழப்பு; சங்க ஆதரவாளர்கள் இதை மழுப்பக் கூடாது. 12 பேர் அரை மணி நேரம் நின்றால் 6 ஆள்-மணி போச்சு. அன்றைய 96 ஆள்-மணியில் அது 6 சதவீதத்துக்கு மேல்.

வேலை தொடங்கும் முன்பே எல்லாச் சங்கப் பிரதிநிதிகளையும் உட்கார வைத்து, எல்லை தெளிவில்லாத வேலைகளைப் பட்டியலிடுங்கள்: சுவரில் துளை போடுவது, லாரியிலிருந்து பொருள் இறக்குவது, குப்பை அள்ளுவது, தற்காலிக விளக்கு கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலில் இல்லாத தகராறு வந்தால் வேலை நிற்கக் கூடாது, இரண்டு நாளில் முடிவு சொல்லப்படும் என்ற வரியும் இருக்கட்டும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சாரத்தின் பிணைப்பை யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே பயிற்சி பெற்ற சாரப் பணியாளரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கேள்வி: ஆட்கள் சோம்பேறிகளா, பொருள் தாமதமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு வாரம், முன்கூட்டிச் சொல்லாத நேரங்களில் தளத்தைச் சுற்றி வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொருவரையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: நேரடி வேலை, ஆயத்தமும் நடையும், காத்திருப்பு. குறைந்தது 384 பதிவுகள் சேர்ந்தால் முடிவை ஐந்து சதவீதப் பிழைக்குள் நம்பலாம். ஆள் பெயர் எழுதாதீர்கள். எழுதவில்லை என்பதைச் சங்கத்திடம் முதலிலேயே காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வரும்போது எல்லோரும் சுத்தியலைத் தூக்குவார்கள், எண்ணில் பொருள் இருக்காது. காத்திருப்புக்குப் பெரும்பாலும் கான்கிரீட் தாமதம், வராத கம்பி, திருத்தப்படாத வரைபடம் ஆகியவையே காரணம். இவற்றை முதலில் சொல்லக்கூடியவர் சங்கத்தின் தளப் பிரதிநிதிதான். வாரக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போடுங்கள்.

கேள்வி: கூடுதல் நேர வேலைக்குச் சங்கம் உச்சவரம்பு கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. வாரம் 60 மணி நேரம் என்று இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தால், அதே ஆட்கள் 40 மணி நேரம் பார்த்ததைவிடத் தாமதமாகவே திட்டம் முடியும் என்று அமெரிக்காவில் 1980-ல் முதலாளிகள் அமைப்பு ஒன்றே அறிக்கை தந்தது. களைப்பும் பிழைகளும் விடுப்பும் கூடிவிடும். கான்கிரீட் இடும் நாள் போன்ற சில நாட்களுக்கு மட்டும் விலக்கு கேட்டு வாங்குங்கள்.