படத்தில இருக்கிற தமிழ் ஃபொன்ட் என்னெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸ் படம் ஒண்டைப் போட்டு இது என்ன ஃபொன்ட் எண்டு கேட்டிருந்தீங்கள். வாட்தஃபொன்ட் மாதிரி படத்தைப் போட்டுத் தேடுற தளங்கள் ஆங்கில எழுத்துக்குத்தான் நல்லது, தமிழுக்கு அதை நம்பி மினக்கெடாதேங்கோ. அச்சடிச்ச கடையில பிடிஎஃப் இருந்தா வாங்கி அடோபி ரீடரில திறந்து புரொப்பர்ட்டீஸுக்குள்ள ஃபொன்ட்ஸ் எண்ட இடத்தைப் பாருங்கோ, பேர் அப்பிடியே கிடக்கும் (எழுத்தைப் படமா மாத்தியிருந்தா வராது). அதுவும் இல்லையெண்டா படத்தைப் பெருப்பிச்சு ழ, ண, ஸ்ரீ மூண்டையும் பாருங்கோ, ழவின்ர வால் எவ்வளவு வளையுது, ணவின்ர சுழி வட்டமோ சப்பையோ எண்டு பார்த்தா ஃபொன்ட்டுக்கு ஃபொன்ட் வித்தியாசம் நல்லாத் தெரியும்.

வெப்சைட் எண்டா லேசு. குரோமில எழுத்துக்கு மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட், பிறகு கொம்பியூட்டட், அதின்ர அடியில ரெண்டர்ட் ஃபொன்ட்ஸ். பக்கத்தில ஸ்டைல்ஸ் எண்ட இடத்தில எழுதிக்கிடக்கிற பேரை மட்டும் நம்பாதேங்கோ, அந்த ஃபொன்ட் கிடைக்காட்டி விண்டோஸ் தன்னட்ட இருக்கிற நிர்மலா எண்ட ஃபொன்ட்டைக் காட்டிப்போடும்.

பழைய தளமெண்டா 'தமிழ்' எண்ட சொல்லைக் கொப்பி பண்ணி நோட்பாட்டில ஒட்டிப் பாருங்கோ. ஆங்கிலத்தில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி எண்டு வந்தா அது பாமினி முறை (ஆங்கில எழுத்துகளின்ர இடத்தில தமிழ் எழுத்தை வைச்ச பழைய முறை), அந்த முறையில வந்த ஃபொன்ட்டுகளுக்குள்ள தேடினாச் சரி.