தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை அடிக்காமல், மிரட்டாமல் ஒழுங்காக நடக்க வைப்பது எப்படி?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஒன்று முதல் மூன்று வரை வகுப்பு, பிள்ளைகள் சொல்பேச்சு கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "மேசை மேல ஒரு குச்சி வை, அடிக்க வேண்டாம், கண்ணுல பட்டா போதும்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்களாம். வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மேசை மேல் சும்மா கிடக்கும் குச்சி அந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. சட்டத்தை விடுங்கள், குச்சியால் காரியமும் ஆகாது. அது இருக்கும் அறையில் மட்டும்தான் அதற்கு மரியாதை. நீங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பக்கத்து அறைக்குப் போன மறு நிமிஷம், அத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வட்டியோடு வெளியே வரும்.

நான் 2007இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஒன்பது வருஷம் சேலம் டவுனில், கொலுசுப் பட்டறைகள் இருக்கும் தெருவை ஒட்டிய பள்ளி. இப்போது ஏற்காட்டில், காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஓர் ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 41 பிள்ளைகள். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம், கீழ் மூன்று வகுப்பும் என்னிடம். அவர் கூட்டத்துக்குப் போனாலோ எமிஸில் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) விவரம் ஏற்ற உட்கார்ந்தாலோ ஐந்து வகுப்பும் என்னிடம்தான். அதனால் இதைப் பெரிய கொள்கை பேசி எழுதவில்லை. ஐந்து வகுப்பை ஒற்றை ஆளாகச் சமாளித்து, பல தடவை தோற்றுப்போய்க் கற்றுக்கொண்டது.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேர்ந்த புதிதில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஸ்கேலால் கையில் அடித்திருக்கிறேன். ஓயாமல் பேசுவாள். அடித்த பிறகு பேச்சு நின்றது. கூடவே கேள்வி கேட்பதும், வாய்விட்டு வாசிப்பதும் நின்றது. அடுத்த வருஷம் வரை அவளை மறுபடி பேச வைக்க நான் பட்ட பாட்டுக்கு, அந்தப் பேச்சையே பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

சரி, வழிக்கு வருகிறேன். எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், சண்டையும் அழுகையுமாக நாள் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பிள்ளை மோசம் என்று கண்டுபிடிக்கலாம் என்றுதான் நோட்டு போட்டேன். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார். இரண்டு வாரம் எழுதினேன். புரட்டிப் பார்த்தபோது பெயர்கள் கலந்து கலந்து வந்தன. மணி மட்டும் மாறவே இல்லை. காலை 9.15ஐ ஒட்டிச் சில சம்பவங்கள், 10.45ஐ ஒட்டிச் சில, மதியம் தட்டு கழுவும் நேரத்தில் சில. அந்த மூன்றையும் கழித்துவிட்டால் மிச்சம் நோட்டில் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை.

தட்டு கழுவும் சண்டைதான் சுலபமாகத் தீர்ந்தது. குழாய் ஒன்று, பிள்ளைகள் 41. யாராக இருந்தாலும் தள்ளத்தான் செய்வார்கள், கல்யாணப் பந்தியில் நாம் செய்யாததா? நான் அதுவரை தள்ளியவனைப் பிடித்து அரை மணி நேரம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆறு ஆறு பேராக எழுந்து போகச் சொன்னேன், கழுவிய தட்டைக் கவிழ்த்து வைக்க ஒரு திண்ணையைக் காட்டினேன். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து இன்னோர் இடத்திலும் கழுவ விட்டேன். ஒரு வாரத்தில் அந்தச் சண்டை போய்விட்டது. "இவனுக்கு ஒழுக்கமே இல்லை" என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த பையன் வரிசையில் அமைதியாக நின்றான். அவனுக்கு ஒரு குழாய் குறைவாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

10.45க்குக் காரணம் பசி. அது எனக்கு அப்போது தெரியாது. எஸ்டேட் வேலைக்குப் போகிற வீடுகளில் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள், அதிலும் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது பிள்ளை தானே எழுந்து, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு வர வேண்டும். டீத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வருவார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததல்லவா? உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு அந்தப் பத்தே முக்கால் மணிச் சிணுங்கல் கண்ணெதிரே குறைந்தது. நான் ஒரு வார்த்தை புத்திமதி சொல்லவில்லை.

9.15 இருக்கிறதே, அதற்குக் காரணம் நான். இதைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் பிடித்தது. தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறேன். வயிறு புரட்டலோடு இறங்கி, வேகமாக நடந்து, வகுப்புக்குள் நுழையும்போது எனக்கே ஒரு எரிச்சல் இருக்கும். முதலில் கண்ணில் பட்டவன் மாட்டுவான். போதாதற்கு, நான் வருகைப் பதிவேடு எடுத்து முடிக்கும்வரை பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா உட்காரு என்றால் ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நிமிஷம் உட்காரும்? இப்போது அவர்கள் உள்ளே வரும்போதே சுவர்க் கரும்பலகையில் அவரவர் இடத்தில் ஒரு வேலை காத்திருக்கும். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படித்த செயல்வழிக் கற்றல் காலத்தில், அவர்கள் உயரத்துக்கு அடித்த பலகைகள் அவை, இன்றும் எனக்குக் கைகொடுக்கின்றன. இன்னும் அடிப்படையில் இருக்கும் 'அரும்பு' நிலைப் பிள்ளைக்கு ஒரு படம், வகுப்புக்கு ஏற்றபடி தேறிய 'மலர்' நிலைப் பிள்ளைக்கு ஒரு கணக்கு. நானும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

ஆகவே முதல் வேலையாக நோட்டு போடுங்கள். உங்கள் பள்ளியில் மணி வேறாக இருக்கும்.

தண்டனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். "வெளியே போய் நில்" என்பதை நானும் செய்தேன். வராண்டாவில் நின்ற பையன் பத்து நிமிஷம் கழித்துச் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். வெளியே சில்வர் ஓக் மரங்களுக்குள் மேகம் நுழைந்து போகிறது, மிளகுக் கொடியில் அணில் ஏறுகிறது, வளைவில் சுற்றுலா வண்டிகள் திரும்ப முடியாமல் திணறுகின்றன. உள்ளே நான் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருக்கிறேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வேண்டுமென்றே பென்சிலைத் தட்டி, "டீச்சர், நாங்களும் வெளிய போகட்டுமா?" என்று கேட்டார்கள். அதோடு அந்தத் தண்டனைக்கு ஓய்வு கொடுத்தேன்.

அப்புறம் அந்தக் கரும்பலகைப் பட்டியல். நாம் எல்லோரும் அதில் இருந்திருப்போம். டீச்சர் வெளியே போனால் லீடர் சாக்பீஸோடு எழுந்து "பேசியவர்கள்" என்று தலைப்புப் போடுவான். பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று ஏற்றுவான். கடைசியில் "அடங்கவில்லை". லீடரின் கூட்டாளி பெயர் அதில் என்றைக்காவது வந்திருக்கிறதா? மிட்டாய் கொடுத்தால் அழியும், பழைய பகை இருந்தால் ஏறும். ஏழு வயதில் லஞ்சமும் பழிவாங்கலும் பழகிக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நான் நிறுத்திவிட்டேன். நான் வெளியே போகும்போது இப்போது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். சத்தம் வரும். சத்தம் வேறு, சண்டை வேறு. இதை 2007இல் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளோடு பிள்ளைகள் படித்தபோதே பழகிக்கொண்டேன். அப்போது வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சந்தைக்கடையாகத்தான் தெரிந்தது.

பரிசு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நான் ஸ்டார் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். முதல் மாதம் அற்புதம். இரண்டாம் மாதம் கீழே விழுந்த சாக்பீஸ் டப்பாவைக் காட்டி "எடுத்து வைப்பா கண்ணு" என்று ஒரு பையனிடம் சொன்னேன். "எத்தன ஸ்டார் டீச்சர்?" என்று கேட்டான். முந்தின மாதம் வரை சும்மாவே எடுத்து வைத்தவன். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு இதையேதான் காட்டியது. படம் வரையப் பிடித்த பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து எல்லாரையும் சும்மா விட்டுப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

அதனால் பேரம் பேசாமல், பார்த்ததைச் சொல்லுங்கள். "குட்", "வெரி குட்" எல்லாம் காற்றோடு போய்விடும். "நீ தட்டைக் கழுவிட்டு அவளுக்கு இடம் விட்ட, நான் பாத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை அன்று முழுக்க இரண்டு அங்குலம் உயரமாக நடக்கும். ஒரு நாளில் நான் எத்தனை பேரிடம் இப்படிச் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. கெட்டது செய்பவன் பெயர் பத்து தடவை, நல்லது செய்பவள் பெயர் வருகைப் பதிவின்போது ஒரே ஒரு தடவை.

குழு விளையாட்டு ஒன்று உண்டு, 1969இலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வருவது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதியை மீறினால் அந்த அணிக்கு ஒரு கோடு. கோடுகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் இருந்தால் இரண்டு அணியும் ஜெயிக்கலாம். நான் முதலில் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்காமல் ஒரு அணிதான் ஜெயிக்கும் என்று வைத்துவிட்டேன். துறுதுறுப்பான ஒரு பையனை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. "அவன் வேணாம் டீச்சர், கோடு வாங்கித் தருவான்." சரியாகச் செய்தால் நல்ல விளையாட்டு. தினமும் வேண்டாம், இருபது நிமிஷம் போதும்.

குரல் பற்றி ஒரு தற்செயல். ஒரு டிசம்பரில் பனி ஒத்துக்கொள்ளாமல் எனக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. லீவு போட வழியில்லை, அன்று நான் ஒருத்திதான். கிசுகிசுப்பாகவும் சைகையிலுமாக நான்கு நாள் ஓட்டினேன். பிள்ளைகளும் கிசுகிசுத்தார்கள்! டீச்சருக்கு என்ன வேண்டும் என்று உற்றுப் பார்த்தார்கள். குரல் திரும்பி வந்த பிறகும் பாதிக் குரலில்தான் பேசுகிறேன். கவனம் வேண்டுமென்றால் மூன்று தட்டு தட்டுவேன், அவர்கள் இரண்டு தட்டு தட்டுவார்கள், அவ்வளவுதான். "கத்தாதே" என்று கத்துவதில் இருக்கும் வேடிக்கை பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

பெற்றோர் வந்து "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்பார்கள். அதைக் கேட்டு அனுமதி கிடைத்ததாக நினைத்துவிடாதீர்கள், அது உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையைச் சொல்லும் பாஷை. "அதெல்லாம் வேணாங்கண்ணா, ராத்திரி நேரத்துல தூங்க வைங்க, நாள் தவறாம அனுப்புங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். பையன் என்ன நல்லது செய்தான் என்று ஒரு விஷயமாவது கையில் வைத்திருந்து சொல்வேன். அநேகமாக அந்த வீட்டுக்குப் பள்ளியிலிருந்து போகும் முதல் நல்ல சேதி அதுவாக இருக்கும்.

இன்னொன்று. சேட்டைக்காரனைப் பார்த்து ரொம்பக் கவலைப்படாதீர்கள். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கினால், அல்லது சாதுவான பிள்ளை திடீரென்று அடிக்க ஆரம்பித்தால், அங்கே நின்று பாருங்கள். தனியாக உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். வீட்டிலோ வழியிலோ யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். அதை ஒழுக்கப் பிரச்சினையாக நினைத்துக் கையாளக் கூடாது.

மழை நாளுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இங்கே பிடித்தால் மூன்று நாள் விடாது, மைதானம் சேறு, ஒரே அறைக்குள் அத்தனை பேர். போன வருஷம் வீட்டிலிருந்து பல்லாங்குழியும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டு வந்தேன். முதல் நாள் அப்படி ஓர் அமைதி. இரண்டாம் நாள் புளியங்கொட்டை எவ்வளவு தூரம் போய் அடிக்கும் என்று மூன்றாம் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.