ரூட்டர் இருக்கு, நெட் இல்லை: வாசகர் கேள்வி பதில்

எங்கள் வீடு தெருவாசலில் ஆரம்பித்துப் பின்பக்கக் கிணறு வரை நீளும் பழைய வீடு. நடுவில் இரண்டு கருங்கல் சுவர். ரூட்டர் முன்னறையில் இருக்கிறது. கடைசி அறையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது. கடைக்காரர் எக்ஸ்டெண்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகர், குடியாத்தம்

எக்ஸ்டெண்டருக்குப் பணம் போடாதீர்கள். தன்னிடம் வந்து சேரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு கல்சுவர் தாண்டி நலிந்துபோன சிக்னலை அதனிடம் கொடுத்தால், போனில் கோடுகள் நிறையத் தெரியும். வீடியோ மட்டும் நகராது. சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால், வருகிற வேகமும் பாதியாகிவிடும். கருங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டுவதே கஷ்டம். 2.4 கொஞ்சம் தாண்டும், அதுவும் மெலிந்துதான் போய்ச் சேரும்.

உங்கள் வீட்டுக்கு ஒரே நல்ல வழி, முன்னறையிலிருந்து கடைசி அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரூட்டரை வைப்பது. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். கேபிள் கேட்-6 ரகமாக, முழுச் செம்புக் கம்பியாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் சிசிஏ ரகம் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கிரிம்ப் செய்யும் இடத்தில் சீக்கிரம் முறிந்துவிடும். கடையிலேயே ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம். அளவெடுக்கும்போது சுவரில் ஏறி இறங்கும் உயரத்தையும் சேர்த்து, இரண்டு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதலாக விடுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்கக் கூடாது.

பிளக் அடிப்பவரிடம் எட்டு கம்பியையும் அடிக்கச் சொல்லுங்கள். நாலு கம்பியிலும் நெட் வரும் என்று சொல்லி அவசரமாக முடித்துவிடுவார்கள். வரத்தான் செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. கிளிப் அடிப்பக்கமும் கேபிள் நம்மைப் பார்த்தும் இருக்க, இடமிருந்து வரிசை இது: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் அதே வரிசை.

இனி பழைய ரூட்டர். மெயின் ரூட்டரோடு இணைக்காமல் தனியாக ஆன் செய்து, அதன் வைஃபையில் போனைச் சேர்த்து, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறங்கள். மெனுவில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். மெயின் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதன் லேன் ஐபியை, அதாவது ரூட்டரின் சொந்த முகவரியை, 192.168.1.250 ஆக்குங்கள், பிறகு டிஎச்சிபியை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வசதியை, அணையுங்கள். சேமித்ததும் மெயின் ரூட்டரின் லேன் ஓட்டையிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் ஓட்டையில் செருகுங்கள். வேறு நிறத்தில் இருக்கும் வான் (WAN) ஓட்டை காலியாக இருக்கட்டும். பலர் கோட்டை விடுவது டிஎச்சிபியில்தான். அது இரண்டிலும் ஓடினால், சில போன்கள் தவறான ரூட்டரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, வைஃபை இருந்தும் நெட் இல்லாமல் நிற்கும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4இல் ஒன்றுக்கு சேனல் 1, மற்றதற்கு 11.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நெட் விட்டு விட்டு வருகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது. ஆபரேட்டர் லைனில் குறையில்லை என்கிறார்.
வாசகர், கொசப்பேட்டை, வேலூர்

ரூட்டர் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஷீட் போட்ட மாடி அறை, பரண், மர அலமாரி, பிரிட்ஜின் தலை, இவற்றில் ஒன்றாக இருந்தால் காரணம் சூடுதான். வீட்டு உபயோக ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியிலேயே 40 தாண்டுகிறது. ஷீட்டுக்கு அடியில் இன்னும் அதிகம். ஒருநாள் மத்தியானம் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். நெட் அறுபடாமல் வந்தால் நோய் தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில், காற்றோட்டமான சுவரில், ஆள் உயரத்தில் மாட்டுங்கள்.

ஃபேன் வைத்தும் மாறவில்லையென்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த அடாப்டர் 12 வோல்ட்டைச் சரியாகக் கொடுக்காது; விளக்கு எரியும், ரூட்டர் மட்டும் தானாக அணைந்து அணைந்து எரியும். புதிது வாங்கும்போது வோல்ட் பழையதோடு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

கரண்ட் போனால் நெட் போகக் கூடாது என்று 8800 எம்ஏஎச் மினி யூபிஎஸ் வாங்கினோம். நாலு மணி நேரம் என்றார்கள், இரண்டரை மணி நேரம்கூட வருவதில்லை. சில நாள் யூபிஎஸ் ஓடும்போதே நெட் போய்விடுகிறது.
வாசகி, வாலாஜாபேட்டை

அந்த 8800 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி. 12 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகி 26, 27 கைக்கு வரும். ஓஎன்டியும் (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றும் கருவி) வைஃபையும் ஒன்றாக உள்ள பெட்டி 10 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம்தான். ஓஎன்டி தனி, ரூட்டர் தனி என்று இரண்டையும் மாட்டியிருந்தால் இன்னும் குறையும். யூபிஎஸ்ஸில் பழுதில்லை, விற்றவர் சொன்ன கணக்குதான் தப்பு.

யூபிஎஸ் ஓடும்போதே நெட் போவது வேறு விஷயம். உங்கள் வீட்டுக்குள் வருவது மெல்லிய ஃபைபரா, தெருக் கம்பத்துப் பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளா என்று பாருங்கள். ஃபைபர் என்றால் வழியில் இருக்கும் பிரிப்பான்களுக்குக் கரண்ட் தேவையில்லை. ஆபரேட்டரின் அலுவலகத்தில் பேக்கப் இருந்தால் போதும். லேன் கேபிள் என்றால் கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கும், தெருவில் கரண்ட் போனதும் அது அணைந்துவிடும். அப்படியானால் எவ்வளவு பெரிய யூபிஎஸ் வாங்கினாலும் பயனில்லை. வீடு வரை ஃபைபர் கேளுங்கள்.

100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோடு செய்தால் 12 எம்பிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
வாசகர், காட்பாடி

இல்லை. பிளான் பிட்டில், டவுன்லோடு பைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் சோதனையில் 94, 95ஐத் தாண்டாதவர்கள், மேலே சொன்ன நாலு கம்பிப் பிளக்கைத் தேடுங்கள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. புகார் கொடுத்தால் “நாளைக்கு ஆள் வரும்” என்றே சொல்கிறார்கள். நாமே ஏதாவது செய்யலாமா?
வாசகர், ஆம்பூர்

எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு என்றால் வெளிச்சமே பெட்டிக்கு வந்து சேரவில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரை முதலில் பாருங்கள். பீரோவை நகர்த்தும்போது நசுங்கியிருக்கும், அல்லது ஆணியில் மடித்து மாட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. சுருட்டினால் வட்டம் 6 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பச்சை நிறப் பிளக் ‘கிளிக்’ என்று உட்காரும் வரை தள்ளுங்கள். அதைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். அந்த ஒளி நமக்குத் தெரியாது, கண்ணுக்குக் கெடுதல். சட்டை நுனியால் துடைக்கவும் வேண்டாம். ஒளி போகும் பகுதி 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும் அடைக்க.

ரீசெட் ஓட்டையில் மட்டும் ஊசியை வைத்து அழுத்தாதீர்கள். ஆபரேட்டர் போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோய், லைன் சரியான பிறகும் நெட் வராது.

ஆள் வந்து இழையை ஒட்டினால், பவர் மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். வந்து சேரும் ஒளியின் அளவு அதில் டிபிஎம் (dBm) கணக்கில் தெரியும். மைனஸ் 15இலிருந்து மைனஸ் 24 வரை நல்லது. மைனஸ் 27ஐ ஒட்டி நின்றால் அடுத்த மழைக்கே மறுபடி போகும், அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகப் புகார் சொல்லாமல், கம்பெனியின் புகார் எண்ணில் பதிந்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். அந்த நம்பர் இருந்தால்தான் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இடி இடித்த அன்று ரூட்டரின் லேன் ஓட்டைகளும் டிவியும் போய்விட்டன. ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்றார்களே, எப்படி?
வாசகர், ஆரணி

ஃபைபர் வழியாக வந்திருக்காது. டிவியும் ரூட்டரின் லேன் ஓட்டைகளும் சேர்ந்து போயிருப்பதால், மின்னலின் மின்சாரம் டிஷ் ஒயரிலோ கரண்ட் லைனிலோ டிவிக்குள் நுழைந்து, டிவியையும் ரூட்டரையும் இணைக்கும் கேபிளில் தாவியிருக்க வேண்டும். ஃபைபரோடு ஒட்டி வரும் இரும்புக் கம்பியையும் கவனியுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே அதை வெட்டி விட்டிருக்க வேண்டும். தூரத்தில் இடி கேட்டவுடனேயே அடாப்டரைப் பிடுங்கி, லேன் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம். ஸ்விட்சை அணைத்தால் போதாது. அது ஃபேஸைத்தான் துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். ஸ்பைக் கார்டு சின்ன எழுச்சிகளைத் தாங்கும், பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்காது.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு காந்தி ரோடு லாட்ஜில் தங்கியிருக்கிறேன். வைஃபை கனெக்ட் ஆகிறது, லாகின் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது.
வாசகர், திருவண்ணாமலை

போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். விபிஎன் இருந்தால் அதையும். பிறகு செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று தேடி ‘ஆஃப்’ ஆக்குங்கள். லாகின் பக்கத்தைப் பெரும்பாலும் தடுப்பது இதுதான். அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி சேருங்கள், மேலே ‘சைன் இன்’ அறிவிப்பு வரும். வராவிட்டால் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்று இருக்கும் எண்ணை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். அறைக்கு இத்தனை போன்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா என்று வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டணம், வங்கிப் பரிமாற்றம் இவற்றுக்கு மட்டும் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். அம்மா சீக்கிரம் குணமாகி வீடு திரும்பட்டும்.