ஒரே ஆள், இரண்டு நிறுவனம்: சம்பளம், ஜிஎஸ்டி, பிஎஃப், வரி – கேள்வி பதில்

கேள்வி: திருப்பூரில் என் பெயரில் ஒரு நிட்டிங் யூனிட், தம்பியோடு பாகஸ்தராக ஒரு கார்மென்ட்ஸ். ஒரே அக்கவுண்டன்ட்தான் இரண்டையும் பார்க்கிறார். சம்பளத்தைப் பாதி பாதியாகப் போடலாமா மேடம்?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் நியமனக் கடிதம் இரண்டு வேண்டும். எந்த நிறுவனத்துக்கு என்ன வேலை, வாரத்தில் எந்த நேரம், எவ்வளவு சம்பளம் என்று ஒவ்வொன்றிலும் தெளிவாக எழுதுங்கள். சம்பளப் பட்டியலும் வருகைப்பதிவும் தனித்தனி. பணமும் அந்தந்த நிறுவன வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும். முழுச் சம்பளத்தையும் நிட்டிங்கிலிருந்து கொடுத்துவிட்டு, மார்ச் மாதம் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டு பாதியை கார்மென்ட்ஸ் தலையில் எழுதுகிறார்களே, வம்பு அங்கேதான் தொடங்குகிறது. காகிதத்தில் அவர் நிட்டிங் ஆள் மட்டும்தான்; கார்மென்ட்ஸுக்கு நீங்கள் ஆள் அனுப்பியதாகிவிடும்.

கேள்வி: ஆள் அனுப்பியதாக ஆனால் என்ன?

பதில்: ஜிஎஸ்டி வரும். ஊழியர் தன் முதலாளிக்குச் செய்யும் வேலை ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி வரிக்கு வெளியே. ஒரு நிறுவனம் தன் ஊழியரை இன்னொன்றுக்குக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது ஆள் வழங்கும் சேவை, 18%. ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரி பற்றிய நார்தர்ன் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுக் குழும நிறுவனம் அனுப்பிய ஊழியர்களை இப்படித்தான் பார்த்தது. தொடர்புடைய நிறுவனங்கள் என்றால் பணமே வாங்காவிட்டாலும் அதே சட்டத்தின் முதல் அட்டவணைப்படி வரி வரும்.

பெறும் நிறுவனம் முழு இன்புட் கிரெடிட் (கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடிந்தால் பயமில்லை: ஜிஎஸ்டி விதி 28படி பில்லில் போட்ட தொகையே மதிப்பு, கட்டிய வரியும் திரும்பிவிடும். பெறுவது ஜிஎஸ்டி விலக்குள்ள பள்ளியோ மருத்துவமனையோ என்றால், கிரெடிட் கிடைக்காமல் அந்த 18% பெரும்பாலும் செலவாகவே நிற்கும். அங்கே இரட்டை நியமனம்தான் என் பரிந்துரை.

கேள்வி: எங்கள் இரண்டு யூனிட்டிலும் தலா 12 பேர். 20க்குக் கீழே என்பதால் பிஎஃப் வராதுதானே?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். நிர்வாகம், பணப்புழக்கம், ஆட்கள் எல்லாம் ஒன்றாக இருந்து, ஒன்றில்லாமல் மற்றொன்று ஓடாது என்ற நிலை இருந்தால், இரண்டையும் சேர்த்து 24 பேர் கொண்ட ஒரே நிறுவனமாக அதிகாரி எண்ணலாம். பொதுவான அக்கவுண்டன்ட் ஒருவர் மட்டும் அதற்குப் போதாது. ஆனால் மற்ற சான்றுகளோடு அதுவும் சேரும். ஆட்களைப் பிரித்துக் காட்டி வரம்புக்குக் கீழே இருக்க முயல்வது பழைய பாக்கியை வட்டியும் அபராதமுமாகக் கொண்டுவரும்.

இரண்டும் பிஎஃப்பில் இருந்தால் ஊழியருக்கு யூஏஎன் (அவருடைய நிரந்தர பிஎஃப் எண்) ஒன்றே, மெம்பர் ஐடி (நிறுவனத்துக்கு ஒன்றாக வரும் பிஎஃப் கணக்கு எண்) இரண்டு. இன்னொரு யூஏஎன் உருவாக்கவே கூடாது. ஒன்றை விட்டு விலகினால் அந்த மெம்பர் ஐடிக்கு மட்டும் விலகிய தேதி போடுங்கள்.

கேள்வி: நான் இரண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஊழியர். தலா மாதம் 60,000 சம்பளம் வாங்குகிறேன். டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கவே இல்லை. நல்லதுதானே மேடம்?

பதில்: இல்லை தம்பி. 2025-26 புதிய வரிமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் 7.2 லட்சத்தை மட்டும் பார்த்து வரி இல்லை என்கிறது. உண்மையில் மொத்தம் 14.4 லட்சம். 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) ஒருமுறைதான்; மீதி 13.65 லட்சத்துக்கு வரி 84,750, செஸ் சேர்த்து 88,140 ரூபாய். முன்கூட்டியே கட்டாததற்கு வட்டி வேறு. ஒரு நிறுவனத்தின் சம்பள விவரத்தை மற்றதிடம் எழுத்தில் கொடுத்து (அந்த ஆண்டுக்குப் படிவம் 12பி) மொத்த வரியையும் அங்கேயே பிடிக்கச் சொல்லுங்கள். கணக்குத் தாக்கலில் இரண்டு நிறுவனமும் தரும் சம்பள, வரிச் சான்றான படிவம் 16 இரண்டும் சேர வேண்டும்.

கேள்வி: பகலில் ஒரு யூனிட்டில் தைத்தவரை இரவு எங்கள் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. ஒரே நாளில் இரண்டு தொழிற்சாலையில் வேலை செய்ய விடுவதைத் தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 60ஆம் பிரிவே தடுத்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் கட்டுப்பாடு உண்டு. ஓவர்டைம் இரட்டைக் கூலியைத் தவிர்க்க இந்த வழியைப் பலர் பிடிக்கிறார்கள். தூக்கமில்லாமல் மெஷினில் உட்காருபவரின் விரல் போனால் யார் பொறுப்பு?

கேள்வி: ஒரு நிறுவனத்திலிருந்து மற்றதற்கு நிரந்தரமாக மாற்றினால் கிராஜுவிட்டி?

பதில்: பழைய சேவைக்காலம் தொடரும், அதற்கான கிராஜுவிட்டியையும் புதிய நிறுவனமே ஏற்கும் என்று மாற்றல் கடிதத்தில் எழுதி மூன்று தரப்பும் கையெழுத்திடுங்கள். ராஜினாமா வாங்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது வேண்டாம். கிராஜுவிட்டிக்கான ஐந்தாண்டுக் கணக்கு அறுந்து, ஊழியர்தான் நஷ்டப்படுவார்.