மாற்றுத்திறனாளிப் பணியாளர்: ஆயத்தத்தையும் தேவையையும் அறிவது எப்படி?

சேலம் வட்டாரத்தில் தொழில் மறுவாழ்வு ஆலோசகராக, அதாவது மாற்றுத்திறனாளிகள் ஏற்ற வேலையில் அமர உதவுபவராக, பணிபுரியும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (கொலுசுப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை): வேலை கேட்டு வந்த இளைஞரின் சான்றிதழில், காலில் 60 சதவீத ஊனம் என்று உள்ளது. எங்கள் வேலை அவருக்கு ஒத்துவருமா என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: அந்த 60 சதவீதம் மருத்துவக் குழு காலைப் பரிசோதித்துச் சொன்ன கணக்கு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இட ஒதுக்கீடு போன்ற உரிமைகள் கிடைக்கும். மற்றபடி, அவர் சலங்கை கோப்பாரா மாட்டாரா என்பதை அந்த எண் சொல்லாது. கம்பி இழுப்பது, பற்றவைப்பது, சலங்கை கோப்பது, மெருகேற்றுவது என்று உங்கள் வேலையைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எதைத் தூக்க வேண்டும், எங்கே நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை அவரிடமே காட்டி, எது சிரமம், அதற்கு என்ன செய்தால் சரியாகும் என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பட்டறையில், சம்மணமிட்டு உட்கார இயலாத ஒருவரைத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். ஒரு முக்காலியும் அதற்கேற்ற உயரத்தில் ஒரு மேசையும் போட்டதும் அவர் முழு நாளும் வேலை செய்தார்.

கேள்வி (ஒரு தாய், அயோத்தியாப்பட்டணம்): என் மகனுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். தயாராகிவிட்டானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அம்மா, முழுவதும் தயாரான பிறகுதான் வேலை என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகும். அறைக்குள் உட்கார வைத்து வைக்கும் தேர்வைவிட, உண்மையான வேலையிடத்தில் இரண்டு வாரம் விட்டுப் பார்ப்பது பல மடங்கு நம்பத்தக்கது. ஜவ்வரிசியைப் பொட்டலம் போடும் ஓர் இடத்தில் ஓர் இளைஞரை நான் அப்படிக் கவனித்தேன். பத்துப் பொட்டலம் எண்ணி அட்டைப்பெட்டியில் வைக்க வேண்டும். ஏழுக்கு மேல் அவருக்கு எண்ணிக்கை தவறிவிடும். பத்துக் கட்டங்கள் வரைந்த பலகையை முன்னால் வைத்தோம். கட்டம் நிறைந்ததும் பெட்டியில் அடுக்கினார். எண்ண வேண்டிய தேவையே எழவில்லை. முதல் நாள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான்காம் நாள் வாயால் சொன்னால் போதும். இரண்டாம் வாரம் பலகை மட்டும் போதுமானதாக இருந்தது. உதவி இப்படிப் படிப்படியாகக் குறைவதைத்தான் நீங்களும் நாள்தோறும் குறித்துவர வேண்டும். கூடவே, டவுன் பஸ்ஸில் தனியாக ஏறி இறங்குகிறாரா, தடுமாறும்போது யாரிடமாவது கேட்கிறாரா, தவறைச் சுட்டிக்காட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் வேலை நின்றுபோவதற்குக் காரணம் கைத்திறன் போதாமை அன்று, இவைதாம்.

கேள்வி (காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு): கொட்டை தரம் பிரிக்கும் பிரிவில் காது கேளாத பெண் ஒருவரைச் சேர்க்க விரும்புகிறோம். பாதுகாப்பை எண்ணித்தான் தயங்குகிறோம்.

பதில்: தரம் பிரிப்பது கண்ணுக்கும் விரலுக்குமான வேலை. ஆபத்து மணி ஒலிக்கும் இடத்தில் சுழலும் விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள்; வாசலைப் பார்த்து அமரும்படி இருக்கையை மாற்றுங்கள்; லாரி பின்னோக்கி வரும் களத்தில் நடைபாதையைக் கோடிட்டுப் பிரியுங்கள். உடன் பணிபுரிவோர் இருபது சைகைகளையாவது அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி (அரசு ஊழியர், சேலம்): சர்க்கரை நோயால் பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. விருப்ப ஓய்வு பெறும்படி அலுவலகத்தில் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: தயவுசெய்து எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20-ஆவது பிரிவின்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் பணியிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. தற்போதைய பணி ஒத்துவராவிட்டால் அதே ஊதிய விகிதத்திலும் பணிப் பயன்களிலும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ அவருக்கென உருவாக்கிய கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். மாற்றுப்பணி கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகையைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளைத் தமிழிலும் பயன்படுத்த முடியும். அந்தப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள், ஏனெனில் பார்வை மிச்சமிருக்கும்போது கற்பது எளிது.

கேள்வி (பணியாளர் பிரிவு அலுவலர், தனியார் ஜவுளி நிறுவனம்): எங்களிடம் 35 பேர் பணிபுரிகிறார்கள். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

பதில்: இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவாய்ப்பு தருவது பற்றி எழுதிவைக்கும் தன் சமவாய்ப்புக் கொள்கையில், அவர்களுக்குப் பொருத்தமான பணிகள், தேர்வு முறை, உதவிக் கருவிகள், தொடர்பு அலுவலர் ஆகிய விவரங்களைத் தர வேண்டும். மாற்றுத்திறனாளிப் பணியாளரின் தேவை பற்றிய மதிப்பீட்டுக் குறிப்புகளை மேற்பார்வையாளர் மேசையில் போட்டு வைக்காதீர்கள். "உயரமான இருக்கை தேவை" என்பதை மேற்பார்வையாளர் அறிந்தால் போதும். நோயின் பெயர் அவருக்குத் தேவையில்லை. மூன்று மாதத்தில் ஒருமுறை அந்தப் பணியாளருடன் அமர்ந்து, கொடுத்த வசதி இன்னும் உதவுகிறதா என்று கேட்டு, தேவைப்பட்டால் மாற்றி எழுதுங்கள்.