ஆமிக்காரனுக்கு அழுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன கிழமை இந்திய இராணுவ மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய படத்தைக் கைபேசியில் பார்த்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். பின்னால் நின்ற அம்மா "ஆமிக்காரனுக்கு அழுறியோ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். 2009 மே மாதத்தோடு என் அண்ணன் இல்லாமல் போனான். அம்மா இன்றைக்கும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராடுகிற கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிக் கொட்டகைக்குப் போய் வருகிறவர். நான் அழுதது பிழையா?

மல்லாவியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழை இல்லை. அம்மா கேட்டதும் பிழை இல்லை. அதுதான் இதில் உள்ள கரைச்சல்.

படத்தை விடுவோம், ஆளைப் பார்ப்போம். 1983 ஏப்ரலில் பிறந்தவர் (அந்த வருஷம் எங்களுக்கு ஜூலைக் கலவரத்தோடுதான் தொடங்குகிறது, அது வேறு கதை). சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர், 2006இல் ராஜ்புத் ரெஜிமென்டில் அதிகாரியானார், பிறகு காஷ்மீரில் 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் என்ற படைப்பிரிவு. 2014 ஏப்ரல் 25 அன்று சோபியான் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஆயுததாரிகள் பதுங்கியிருந்த இடத்தைத் தேடிப்போன சண்டையில் இறந்தார். 31 வயது பிறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அடுத்த குடியரசு தினத்தில் அசோகச் சக்கரம் என்ற வீர விருதை வாங்க அவர் மனைவிதான் நடந்து போனார். சின்ன மகளோடு அவர் விளையாடுகிற வீடியோ ஒன்று பிறகு எல்லோர் கைபேசியிலும் ஓடியது. அதைப் பார்த்து அழாதவரிடம்தான் நான் காரணம் கேட்பேன்.

ஆனால் 'தேடுதல்' என்ற சொல் இருக்கிறதே, எங்கள் பக்கத்தில் அது ஆமி வீடு வீடாகப் புகுவது. சென்னையில் இருந்து இந்தக் கதையைக் கேட்கிறவர் அந்த அதிகாரியோடு சேர்ந்து படலைக்கு வெளியே நிற்கிறார். உங்கள் அம்மா வீட்டுக்குள் இருந்து கேட்கிறார், நாய் குலைக்கத் தொடங்கினதும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிற இடத்தில் இருந்து. சோபியானிலும் அப்படி உள்ளே இருந்து கேட்ட அம்மாமார் இருந்திருப்பார்கள்.

என்னிடம் ஒரு கதை உண்டு. 1988, ஒட்டுசுட்டான் பக்கம், இந்திய இராணுவம் அமைதிப்படை என்று வந்து நின்ற காலம். ஒரு மத்தியானம் ரோந்து வந்தது. வீட்டு ஆம்பிளைகள் பின்வேலியால் ஏற்கெனவே காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். நானும் அம்மம்மாவும் மட்டும். தோளில் இரண்டு நட்சத்திரம் வைத்த பெடியன் ஒருவன் கிணற்றடிக்கு வந்து, "பாட்டி, தண்ணி கிடைக்குமா?" என்று தமிழில் கேட்டான். அம்மம்மா அசந்துபோனார். செம்பை நீட்டிக்கொண்டே "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். "திருநெல்வேலி." "எங்கட திருநெல்வேலியோ, பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்டவோ?" யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருப்பது அவனுக்குத் தெரியாது, விளங்காமல் சிரித்தான். அண்ணாந்து, வாய் படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தான். செம்பைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனான். அந்தக் கழுவினதை அம்மம்மா சாகும் வரை சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து தெருவில் கண்ணிவெடி. சத்தம் எங்கள் வளவுவரை கேட்டது. வந்தவர் போனவர் எல்லோரிடமும் அம்மம்மா "அந்தத் திருநெல்வேலிப் பெடியனும் அதிலயோ?" என்று கேட்கத் தொடங்கினார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன விசரோ, அவங்களுக்காகக் கவலைப்படுறாய்?" அம்மம்மா பதில் சொல்லவில்லை, அடுத்த நாளும் கேட்டார். இத்தனைக்கும் மாமா பிடிபடக் கூடாது என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்ததும் அதே மனுசிதான்.

கொழும்புக்குப் பக்கத்துப் பத்தரமுல்லையில் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட, இங்கே செத்த இந்தியப் படையினருக்கு ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. ஏறக்குறைய 1,200 பேர் செத்தார்கள். ஒருமுறை போய்ப் பெயர்களை வாசித்துக்கொண்டு நின்றேன், பாதி வரிசை வந்த பிறகுதான் உறைத்தது, அவன் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

உங்கள் அம்மாவின் கோபம் முகுந்தின் மேல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனையிறவில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி ஓரமாக, 1991இல் செத்த இலங்கை இராணுவச் சிப்பாய் காமினி குலரத்னவுக்கு, அவர் பாய்ந்தேறித் தடுத்த புலிகளின் புல்டோசரையே வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். தெற்கில் இருந்து வருகிற பஸ்கள் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகும். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே ரோட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் வந்து செத்த போராளிகளைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்துக்குத் திரும்பினால் உடைத்த கல்லறைத் துண்டுகளைக் குவித்துத்தான் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. உங்கள் அண்ணனுக்கோ குவிக்க ஒரு கல்லுகூட இல்லை, அம்மா கொட்டகையில் ஒரு படத்தைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு முன்னால் இன்னொரு தாயின் பிள்ளைக்கு நீங்கள் அழுதால் ஒரு சொல் வரத்தான் செய்யும், வரட்டும். விளக்கம் சொல்லப் போகாதீர்கள், அந்தப் படத்தை வீட்டில் திரும்பப் போடவும் வேண்டாம். தனியே பார்த்து அழுங்கள், அது களவு இல்லை.

நவம்பரில் கிளிநொச்சிக்கு வருவேன். அம்மா கொட்டகையில் நிற்கிற நாளை எழுதுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அண்ணனைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். முதலில் பெயரைக் கேட்பேன்.