மரப்பட்டைப் போர்வையும் வெறுங்காலும்: குவாக்கியுட்ல் உடைகள் பற்றிய கேள்வி பதில்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடபகுதியிலும் எதிர்க்கரையிலும் வாழும் மக்களின் உடை, காலணி பற்றி வந்த கேள்விகள் இவை. நூல்களில் குவாக்கியுட்ல் என்றே இருக்கும். அந்த மக்கள் மொத்தமாகத் தங்களைக் குவாக்வாக்கவாக்கு என்கிறார்கள். எல்லோருக்கும் பதில் உண்டு. நீளம் மட்டும் என் இஷ்டம்.

கே: ராமன் கட்டிய மரவுரி போல இவர்களும் மரப்பட்டையைத்தான் உடுத்தினார்களாமே? உடம்பில் குத்தாதா?

ப: பக்குவமாகச் செய்தால் குத்தாது. நம்மூரில் தேங்காய் மட்டையை ஊறவைத்து அடித்து நார் எடுப்பது போன்ற வேலைதான். எடுப்பது சீடர் எனும் ஊசியிலை மரத்தின் உள்பட்டை. கோடையின் தொடக்கத்தில், மரத்தில் சாறு ஓடும்போது, அடியில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தபடி இழுப்பார்கள். கீற்று மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் தானே அறுந்து விழும். ஒரு மரத்தில் கொஞ்சம்தான் எடுப்பார்கள், மரம் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தழும்போடு நிற்கும் பழைய மரங்கள் இன்றும் உண்டு. உரிக்கும் முன் மரத்தை நண்பா என்று அழைத்து வேண்டிக்கொள்வதை மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் பதிவு செய்திருக்கிறார்.

போர்வைக்கு மஞ்சள் சீடர்தான் உசத்தி. சிவப்பு சீடர் கொஞ்சம் முரடு; பாய், கயிறு, கூடை என்று அதற்கு வேறு வேலைகள் உண்டு. மஞ்சள் பட்டையை நாள்கணக்கில் ஊறப்போட்டு, திமிங்கில எலும்பில் பள்ளம் பள்ளமாகக் கீறிய கொட்டாப்புளியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க நார் பிரிந்து மெத்தென்று ஆகும். பிறகு நார்களை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, குறுக்கே இரண்டு இழைகளை ஒன்றோடொன்று முறுக்கி, நார்களை ஊடே பிடித்தபடி வரிவரியாகப் பின்னுவார்கள். நாடா ஓட்டும் தறி கிடையாது. எல்லாம் விரல் வேலை. வசதியான வீட்டுப் போர்வை என்றால் ஓரத்தில் கடல் நீர்நாயின் ரோமம் வரும். குழந்தைக்கு அடியில் ஈரம் உறிஞ்சப் போடுவதும் நைய அடித்த இதே பட்டைதான்.

கே: காலில் மொக்காசின் என்ற மெல்லிய தோல் காலணிதானே போட்டார்கள்?

ப: இல்லை. பெரும்பாலும் வெறுங்கால்தான். உலகிலேயே மழை அதிகம் பெய்யும் மிதவெப்பக் கரைகளில் ஒன்று அது. வாழ்க்கை முழுக்கப் படகிலும் கரையிலும். படகில் ஏற இறங்க, முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். தோல் செருப்பு நனைந்தால் கொழகொழவென்று ஆகும், காய்ந்தால் விறைக்கும். கடலோரக் குளிரும் உள்நாட்டுக் குளிர் போலக் கடுமையானது இல்லை. மலைகளுக்கு அப்பால் இருந்த உள்நாட்டு மக்களுக்குத் தோல் காலணி தேவைப்பட்டது, செய்தார்கள். சடங்கு வீட்டு மண்தரையில் ஆடுபவர்கள் பலர் இன்றும் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள்.

கே: மழைக்கு என்ன செய்தார்கள்?

ப: பட்டையில் பின்னிய கூம்பு வடிவ மேல்போர்வை, தலைக்கு அகன்ற தொப்பி. ஸ்ப்ரூஸ் மர வேரில் நெருக்கிப் பின்னிய தொப்பி நனைந்ததும் வேர் உப்பி இடைவெளி அடைபடும். அப்புறம் தண்ணீர் உள்ளே வராது.

கே: அவர்கள் போட்ட சீல் தோல் பூட்ஸ் எப்படித் தைக்கப்பட்டது?

ப: அது ஆர்க்டிக் இனுயிட் மக்களுடையது. அந்தப் பக்கம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: சில்காட் போர்வை இவர்கள் நெசவா?

ப: வடக்கே இருக்கும் ட்லிங்கிட், சிம்ஷியன் மக்களுடையது. மலையாட்டு ரோமத்துக்குள் சீடர் பட்டையை வைத்துத் திரித்த நூல். திருமணம், வணிகம் வழியாக இங்கே வந்தது. போவாஸுக்குத் தகவல் சேகரித்துத் தந்த ஜார்ஜ் ஹண்டின் தாய் ட்லிங்கிட் பெண். வான்கூவர் தீவின் வடபகுதியில் உள்ள வணிகத் தளமான ரூபர்ட் கோட்டையில் இருந்தபடியே சில்காட் போர்வைகளை நெய்தவர்.

கே: முத்துப் பொத்தான் வைத்த போர்வை எத்தனை ஆயிரம் ஆண்டு பழமை?

ப: ஆயிரமெல்லாம் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் 1849-ல் ரூபர்ட் கோட்டையைக் கட்டியது. கம்பளி மூட்டை மூட்டையாக வந்தது. கருநீலக் கம்பளியில் சிவப்புக் கரை, நடுவே குலச்சின்னம், கோடு நெடுகச் சிப்பிப் பொத்தான். சின்னம் இருப்பது முதுகில். நெருப்பு வெளிச்சத்தில் ஆடுபவர் திரும்பும்போது அத்தனை பொத்தானும் ஒரே நேரத்தில் மின்னும். வெறும் கம்பளிக்கோ பண மதிப்பே உண்டு: போவாஸ் எழுதிய காலத்தில் ஒற்றை வெள்ளைக் கம்பளி 50 சென்ட். கடன், விருந்தில் தரும் கொடை எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு.

கே: 1914 வாக்கில் எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த படங்களில் எல்லோரும் பட்டை உடையில்தானே இருக்கிறார்கள்? அப்போதும் அதுதானே அன்றாட உடை?

ப: படத்தைப் பார்க்கும் முன் ஆண்டையும் எடுத்தவரையும் பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது! அப்போது அவர்கள் சட்டை, கால்சட்டை, பூட்ஸ் போட்டு மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார்கள். பட்டை உடைகள் கர்ட்டிஸின் கேமராவுக்காகச் செய்யப்பட்டவை. ஆண்களுக்கு ஒட்டுமுடி வேறு.

கே (அதே நபர்): அப்படியானால் எல்லாம் பொய் என்று சொல்லுங்களேன். ஏன் அருங்காட்சியகங்கள் மாட்டி வைக்கின்றன?

ப: பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த உடைகளைச் செய்தது அந்த ஊர்ப் பெண்கள். ஜார்ஜ் ஹண்டின் வீட்டாரும் அதில் இருந்தார்கள். கைப்பழக்கம் உண்மை, பின்னல் உண்மை. 1914-ல் கடைத்தெருவுக்கு இப்படித்தான் போனார்கள் என்று நினைப்பதுதான் தப்பு.

கே (வேறொருவர்): இருந்தாலும் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் சொன்னபடி கேமரா முன்னால் ஆடியது நாடகம்தானே? இதில் என்ன பண்பாடு?

ப: சட்டத்தை மறந்துவிட்டீர்கள். பாட்லாட்ச் எனும் கொடை விருந்தைக் கனடா அரசு 1885 முதல் தடை செய்திருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அது போனது 1951-ல். சடங்காக ஆடினால் சிறை, கேமரா முன்னால் ஆடினால் சம்பளம். பாட்டும் அடவும் முகமூடியும் தெரிந்தவர்கள் கிடைத்த வழியில் ஆடினார்கள். 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் நடந்த பெரிய விருந்துக்குப் பிறகு கைது நடந்தது. முகமூடிகளும் சடங்குப் பொருள்களும் பறிபோயின. அவற்றில் பலவற்றைத் திரும்பப் பெற்று வைக்கத்தான் 1979-ல் கேப் மட்ஜிலும் 1980-ல் அலர்ட் பேயிலும் அருங்காட்சியகம் திறந்தார்கள். இனி கர்ட்டிஸ் பற்றி மூன்றாவது நபர் வேண்டாம்.

கே: கழுத்தில் தடித்த சிவப்பு வளையம் போட்ட படம் பார்த்தேன். அன்றாட நகையா?

ப: நகை இல்லை. ஆல்டர் மரப்பட்டைச் சாயம் ஏற்றிய சீடர் பட்டை. குளிர்காலச் சடங்குக்கு உரியது. அந்தச் சடங்கின் முக்கிய ஆட்டமான ஹமட்சாவை ஆடுபவரின் தலைவளையமும் கழுத்துவளையமும் இதில்தான்.

கே: பாசிமணி வைத்த மொக்காசின் எங்கே கிடைக்கும்?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: பள்ளி மாறுவேடப் போட்டிக்கு மகளுக்குப் பொத்தான் போர்வையும் இறகுக் கிரீடமும் செய்யலாமா?

ப: நீள இறகுக் கிரீடம் வட அமெரிக்காவின் நடுச் சமவெளி மக்களுடையது, இங்கே வேலையில்லை. போர்வையின் சின்னம் ஒரு குடும்பத்தின் சொத்து. பிறப்பாலோ திருமண உறவாலோ வந்து, விருந்தில் சாட்சிகள் முன்னால் காட்டி உறுதியாகும் உரிமை அது. இணையத்தில் பார்த்து வரையாதீர்கள். கோரைப்புல்லில் தொப்பியும் மேல்போர்வையும் பின்னிக் கொடுங்கள், போதும்.

கே: வெறுங்காலில் பனியில் எப்படி...

ப: இரண்டாவது பதில், ஐயா.

கே: இப்போதும் பட்டை உரிக்கிறார்களா?

ப: உரிக்கிறார்கள். தொப்பி, கூடை, சடங்கு வளையம் எல்லாம் பின்னுகிறார்கள். கஷ்டம் மரத்தில்தான். கிளையில்லாமல் நேராக உயர்ந்த பெரிய சீடர்கள் மரவெட்டில் நிறையப் போய்விட்டன. நல்ல மரத்தைத் தேடித் தொலைவு போக வேண்டியிருக்கிறது.